கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆகணுமா?

அடினோமயோசிஸ்: வலி எங்கிருந்து வருகிறது, வழிகள் எத்தனை இருக்கின்றன?

‘பல்க்கி யூட்ரஸ்.’ நாற்பதை நெருங்கும் பெண்களின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அடிக்கடி கண்ணில் படும் வார்த்தைகள் இவை. கர்ப்பப்பை கொஞ்சம் பெருத்திருக்கிறது என்பதைத் தாண்டி இதற்குத் தனியாக ஓர் அர்த்தமும் இல்லை. ஆனால், இந்த ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு உறவும் அக்கம்பக்கமும் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனிமே அது எதுக்கு? எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு!”

எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது ஏன் பெருத்தது? காரணங்கள் பல. ஃபைப்ராய்டு எனும் நார்த்திசுக் கட்டியாக இருக்கலாம். அதைப் பற்றி இன்று ஓரளவு எல்லோருக்கும் தெரியும். இன்னொரு காரணம், அதே அளவு தொல்லை கொடுத்தும் பெயர்கூடப் பலருக்குத் தெரியாத அடினோமயோசிஸ்.

ஒரு காலத்தில் கர்ப்பப்பையை எடுத்து, அறுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் இந்த நோயை உறுதி செய்ய முடியும். அதாவது, ஆபரேஷன் முடிந்த பிறகுதான் நோயின் பெயரே தெரியவரும். இன்று நிலைமை அப்படியில்லை. ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிறது. மாத்திரை, ஹார்மோன் சாதனம், ரத்தக்குழாய் அடைப்பு, கர்ப்பப்பையைக் காப்பாற்றும் அறுவை என்று வழிகளும் பெருகிவிட்டன. நோயைக் கண்டுபிடிக்கும் முறை மாறிவிட்டது. ‘எடுத்துடலாம்’ என்ற பழைய பதில் மட்டும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

சுவருக்குள் ஒரு மாதவிலக்கு

கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. எண்டோமெட்ரியம் என்பார்கள். ஒவ்வொரு மாதமும் கருவை எதிர்பார்த்துத் தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து, மாதவிலக்காக வெளியேறுவது இதுதான். இதற்கு வெளியே இருப்பது தடிமனான தசைச் சுவர். பிரசவத்தின்போது சுருங்கிக் குழந்தையை வெளியே தள்ளுவது இந்தத் தசைதான்.

சவ்வுக்கும் தசைக்கும் இடையில் ஓர் எல்லை உண்டு. அடினோமயோசிஸில் அந்த எல்லை உடைகிறது. சவ்வின் சுரப்பிகள் தசைக்குள் புகுந்து அங்கேயே குடியேறிவிடுகின்றன. போன இடத்திலும் அவை ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன. மாதாமாதம் வீங்குகின்றன, சில சமயம் கசியவும் செய்கின்றன. கர்ப்பப்பையின் குழிக்குள் உதிர்ந்தால் ரத்தம் வெளியேற வழி உண்டு. தசைக்குள் கசிந்தால் வழி இல்லை. சுற்றியுள்ள தசை எரிச்சலடைந்து தடிக்கிறது. சரியாகச் சுருங்க முடியாமல் திணறுகிறது. வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளும் அதிகம் சுரக்கிறது. மாதவிலக்கு நாட்களில் உயிர்போகும் வலியும் அடங்காத ரத்தப்போக்கும் சேர்ந்து வருவது இதனால்தான்.

நோயியல் மருத்துவரின் மேஜையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சாதாரணக் கர்ப்பப்பை ஏறக்குறைய ஏழரை செ.மீ. நீளத்தில், தலைகீழாகக் கவிழ்த்த பேரிக்காய் வடிவில் இருக்கும். அடினோமயோசிஸ் வந்தது உருண்டு திரண்டிருக்கும். குறுக்காக அறுத்தால், சுவர் பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகத் தடித்துக் கோடு கோடாகத் தெரியும். அதற்குள் ஆங்காங்கே பழைய ரத்தம் உறைந்த பழுப்புப் புள்ளிகள். ஃபைப்ராய்டுக்குத் தெளிவான ஓரம் உண்டு. அறுவை மருத்துவரால் தனியாக உருவி எடுத்துவிட முடியும். அடினோமயோசிஸுக்கு அந்த ஓரம் கிடையாது. நல்ல தசையும் நோயுற்ற தசையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். ‘கட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள் டாக்டர்’ என்று கேட்டால் மருத்துவர் தயங்குவது ஏன் என்பதற்கு இதுதான் விடை.

மருத்துவத்துக்கு இது புதிய நோயல்ல. வியன்னாவின் நோயியல் நிபுணர் கார்ல் வான் ரோகிடான்ஸ்கி 1860-லேயே இதைப் பதிவு செய்தார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் கல்லன், 1908-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆனால், இருவரும் பார்த்தது எடுக்கப்பட்ட கர்ப்பப்பைகளைத்தான். அடுத்து வந்த பல பத்தாண்டுகளும் அப்படியே கழிந்தன. அறுவைக்கு முன்பே பார்க்கும் வசதி, அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ-யும் கூர்மையான பிறகுதான் வந்தது.

யாருக்கு வரும்?

குழந்தை பெற்ற, 35 முதல் 50 வயதுப் பெண்களுக்கு வரும் நோய் என்றுதான் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றிருந்தபோது, கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்களிடம் மட்டும்தானே நோய் அகப்படும்? ஸ்கேன் வந்த பிறகு இருபதுகளில் இருப்பவர்களிடமும், குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடமும், கல்லூரி மாணவிகளிடமும்கூடக் கண்டுபிடிக்கப்படுகிறது.

காரணம் இதுதான் என்று ஒற்றை விரலை நீட்ட முடியாது. பிரசவம், கருச்சிதைவுக்குப் பிறகு கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ‘டி அண்ட் சி’, கர்ப்பப்பையில் செய்யும் அறுவை ஆகியவற்றால் சவ்வுக்கும் தசைக்கும் இடையிலான எல்லை சேதமடையலாம் என்பது ஒரு விளக்கம். கர்ப்பப்பையே ஓயாமல் சுருங்கிச் சுருங்கித் தனக்குள் காயம் ஏற்படுத்திக்கொள்கிறது, அந்தக் காயம் ஆறும்போது சவ்வு உள்ளே புகுகிறது என்பது இன்னொன்று. கருவிலேயே தங்கிவிட்ட செல்கள் பிற்காலத்தில் சவ்வாக மாறுகின்றன என்பது மூன்றாவது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இதை வளர்க்கிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் தொல்லை அடங்கிவிடுவதும் அதனால்தான்.

இது புற்றுநோயும் அல்ல, தொற்றும் அல்ல. சூடான சாப்பாடு, தண்ணீரில் நின்று வேலை பார்த்தது, மாதவிலக்கு நாளில் தலைக்குக் குளித்தது என்று எதையும் காரணமாகச் சொல்லி யாரும் யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை.

‘எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதானே!’

நோயைவிடப் பெரிய தடை இந்த வாக்கியம்தான். அம்மா சொல்வார், மாமியார் சொல்வார், சில சமயம் மருந்துக்கடைக்காரரும் சொல்வார். அதனால் எது இயல்பு, எது இயல்பு இல்லை என்ற கணக்கு பெண்களுக்கே தெரியாமல் போகிறது.

ஒரு மாதவிலக்கில் மொத்தமாக 80 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அது அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? அதனால் நடைமுறை அடையாளங்களைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது தொடர்ந்து சில மணி நேரம் நீடிக்கிறதா? இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டிகட்டியாகப் போகிறதா? எட்டு நாளைத் தாண்டியும் நிற்கவில்லையா? இரவில் இரண்டு நாப்கின் வைத்து, பழைய புடவையை மடித்துப் போட்டுப் படுத்தும், விடியும் முன் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? அந்த நாட்களில் பஸ் பயணத்தையும் கல்யாண வீட்டையும் தவிர்க்கிறீர்களா? இவற்றில் ஒன்று ‘ஆம்’ என்றாலும் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

வலிக்கும் இப்படியே. முதல் நாள் லேசாக வலித்து அடங்குவது வேறு. மாதவிலக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பே அடிவயிறு கனத்து, இடுப்பும் தொடையும் இழுத்து, மாத்திரை போட்டும் எழுந்து நிற்க முடியாமல் போவது வேறு. தாம்பத்திய உறவில் உள்ளே ஆழமாக வலிப்பதும், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவதும், வயிறு உப்பியது போன்ற உணர்வும் இந்த நோயில் உண்டு. இன்னொரு பக்கம், அடினோமயோசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும். தொல்லை இல்லாதவருக்குச் சிகிச்சையும் தேவையில்லை.

ரத்தப்போக்குக்கான சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஏற்கெனவே குறைவாக இருக்கும் கையிருப்பிலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளுக்கும், முடி கொட்டும், எதிலும் மனம் ஒட்டாது. ‘வயசாகுது, அதான்’ என்று சொல்லிக்கொண்டே ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே இறங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஏராளம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை இப்படிப் படியுங்கள்

முதல் பரிசோதனை, பெண்ணுறுப்பின் வழியாகச் செய்யும் டி.வி.எஸ். ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட இதில் கர்ப்பப்பைச் சுவர் தெளிவாகத் தெரியும். கூச்சம் இருக்கலாம், சில நிமிட வேலைதான். திருமணமாகாத பெண்களுக்குப் பொதுவாக வயிற்றின் வழியாகவே பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்.

ரிப்போர்ட்டில் சில வரிகளைக் கவனியுங்கள். கர்ப்பப்பை உருண்டை வடிவில் இருக்கிறது. முன்சுவரைவிடப் பின்சுவர், அல்லது பின்சுவரைவிட முன்சுவர் தடித்திருக்கிறது. தசைக்குள் சிறு சிறு நீர்ப்பைகள் தெரிகின்றன. விசிறி விரித்தாற்போல் நிழல் கோடுகள் விழுகின்றன. சவ்வுக்கும் தசைக்கும் இடையிலான எல்லை மங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட அடையாளங்களை எப்படிப் பார்க்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று சர்வதேச நிபுணர்கள் குழு 2015-ல் ஒரு பொதுவிதி வகுத்து, 2022-ல் திருத்தியும் வெளியிட்டது. எம்.ஆர்.ஐ-யில் அந்த எல்லைப் பகுதியின் தடிமனை அளப்பார்கள். 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அடினோமயோசிஸ் என்ற சந்தேகம் வலுக்கும்.

வெறும் ‘பல்க்கி யூட்ரஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், “என்ன காரணத்தால் பெருத்திருக்கு டாக்டர்? எவ்வளவு இடத்துல பரவியிருக்கு?” என்று கேளுங்கள். ஒரே இடத்தில் திரண்டிருக்கிறதா, சுவர் முழுவதும் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். ஃபைப்ராய்டோ, உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோ கூடவே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை ஒன்றாக வருவது சகஜம்.

இன்னொரு விஷயம். 45 வயதைத் தாண்டியவருக்கு ரத்தப்போக்கு முறைதவறினால், உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது அவசியம். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதம் கூடாது.

மாத்திரையிலிருந்து தொடங்கலாம்

அடினோமயோசிஸ் சிகிச்சையில் ‘எல்லோருக்கும் இதுதான்’ என்று ஒன்று இல்லை. வலி பெரிதா, போக்கு பெரிதா, வயது என்ன, இனி குழந்தை வேண்டுமா என்ற நான்கு கேள்விகளுக்கான பதிலைப் பொறுத்தே வழி அமையும்.

குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருப்பவருக்கும், ஹார்மோன் வேண்டாம் என்பவருக்கும் முதல் கட்டம் இரண்டு மாத்திரைகள். வலிக்கு மெஃபனமிக் ஆசிட் போன்றவை. நம் வீடுகளில் ‘மெஃப்டால்’ என்று பெயர் சொல்லியே வாங்குவது இந்த வகைதான். வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. போட்ட பிறகு உடம்பில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

போக்குக்கு டிரானெக்ஸமிக் ஆசிட். உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் தடுக்கும் இந்த மருந்தை 1960-களில் உலகுக்குத் தந்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும். போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் போட்டால் போதும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது.

இவற்றோடு இரும்புச்சத்து. மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ உதவும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊசி வழியாக ஏற்றும் இரும்புச்சத்து இருக்கிறது. ‘கீரை சாப்பிடு, சரியாயிடும்’ என்று தள்ளிப்போடும் கட்டத்தை, ரத்தசோகை வந்தவர்கள் தாண்டிவிட்டவர்கள்.

உள்ளே ஒரு சின்ன சாதனம்

இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு மருத்துவர்கள் முன்வைக்கும் முக்கியமான வழி, ஹார்மோன் சுரக்கும் கர்ப்பப்பைச் சாதனம். ‘மிரினா’ என்ற பெயரில் பிரபலமானது. இந்தியத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. பார்ப்பதற்குக் காப்பர்-டி போலத்தான் இருக்கும், 32 மி.மீ. அளவுள்ள ‘டி’ வடிவப் பிளாஸ்டிக். செம்புக் கம்பிக்குப் பதிலாக, அதன் தண்டில் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஹார்மோன் இருக்கும். அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கர்ப்பப்பைக்குள்ளேயே கசியும். சவ்வு மெலியும், போக்கு குறையும், வலியும் தணியும். ஃபின்லாந்து மருத்துவர் தபானி லூக்கைனென் உருவாக்கிய இந்தச் சாதனம், 1990-ல் அந்நாட்டில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது.

பொருத்த ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. ஐந்து ஆண்டுகள் வேலை செய்யும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அதிக ரத்தப்போக்குக்கு வழக்கமான மாத்திரைகளைவிட இது பெண்களின் அன்றாட வாழ்க்கையை அதிகம் மேம்படுத்துகிறது என்று, இங்கிலாந்தில் நடந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால், முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குச் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால், ‘போக்கை நிறுத்த வச்சாங்க, இப்ப தினமும் படுது’ என்று இரண்டாவது மாதமே எடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தைப் பொறுத்துக் கடந்தவர்களில் பலருக்குப் பின்னர் மாதவிலக்கே வராமல் போகும். ‘அந்த ரத்தம் எல்லாம் உள்ளேயே தங்கிடுமா?’ என்ற பயம் வேண்டாம். சவ்வே வளராதபோது உதிர்வதற்கு ஒன்றும் இல்லை. கர்ப்பப்பை மிகவும் பெருத்திருந்தால் சாதனம் தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு கூடும் என்பதும் உண்மை.

சாதனம் வேண்டாம் என்பவர்களுக்கு டயனோஜெஸ்ட் மாத்திரை, தினமும் 2 மி.கி. முக்கியமாக வலிக்கு நல்ல பலன் தரும். ஜப்பானில் அடினோமயோசிஸ் வலிக்கென்றே இது அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. கர்ப்பப்பை மிகவும் பெருத்து, ரத்தசோகையும் கடுமையாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. சிலருக்கு எதிர்பாராமல் பெரும்போக்கு வரலாம். கருத்தடை மாத்திரைகளும் உதவும்; ஆனால் ரத்தக்கொதிப்பு, ஒருவகை ஒற்றைத் தலைவலி, புகைப்பழக்கம் இருந்தால் தவிர்க்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போடக் கடையில் வாங்கும் நாரெத்திஸ்டிரோன் மாத்திரையும் போக்கை நிறுத்த மருத்துவர்கள் எழுதித் தருவதுதான். மருத்துவர் சொல்லி எடுப்பது சிகிச்சை. கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்வது ஆபத்து.

லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் சினைப்பையைத் தற்காலிகமாக உறங்க வைக்கும், கர்ப்பப்பை சுருங்கும். கூடவே உடம்பு திடீரென்று சூடாகும், வியர்க்கும், எலும்பு பலவீனமாகும். எனவே ஆறு மாதத்துக்கு மேல் தனியாகத் தருவதில்லை. அறுவைக்கு முன் ரத்தசோகையைச் சரிசெய்யவும், ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு முன் கர்ப்பப்பையைத் தயார் செய்யவும் இது நல்ல ஆயுதம்.

குழந்தை வேண்டும் என்றால்?

அடினோமயோசிஸ் இருந்தால் குழந்தையே பிறக்காது என்பது தவறு. இயல்பாகக் கருத்தரித்துப் பெற்றவர்கள் நிறைய. ஆனால், சிரமம் கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஐ.வி.எஃப். சிகிச்சை எடுத்த பெண்களைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை, 2014-ல் இத்தாலியின் பவ்லோ வெர்செல்லினி தலைமையிலான குழு தொகுத்துப் பார்த்தது. அடினோமயோசிஸ் உள்ளவர்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 28 சதவிகிதம் குறைவாகவும், கருச்சிதைவு இரண்டு மடங்குக்கு மேலாகவும் இருந்தது. மேலே சொன்ன ஹார்மோன் சிகிச்சைகளை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்க முடியாது. ஆக, ‘முதலில் நோயைக் குணமாக்கிவிட்டு அப்புறம் குழந்தை’ என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது எப்போதும் சரியான திட்டமாகாது. வயதையும் கணக்கில் வைத்து மருத்துவரோடு சேர்ந்து காலவரிசை போட வேண்டும்.

கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே அறுவை

மருந்து பலன் தராதபோதும் கர்ப்பப்பையைக் காப்பாற்ற வழிகள் உண்டு. முதலாவது, ரத்தக்குழாய் அடைப்பு. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயில் நுண்ணிய மணிகளை விட்டு அடைப்பார்கள். ஃபைப்ராய்டுக்காக 1995-ல் பாரிஸ் மருத்துவர்கள் அறிமுகப்படுத்திய முறை இது. அடினோமயோசிஸிலும் நால்வரில் மூவர் அளவுக்கு நிவாரணம் கிடைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வயிற்றைக் கிழிப்பதில்லை. முதல் நாள் வலி கடுமையாக இருக்கும். இனி குழந்தை வேண்டும் என்பவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது, ஒலி அலைகளைக் குவித்து நோயுற்ற தசையை வெளியிலிருந்தே சுட்டுவிடும் ஹைஃபூ முறை. சீனாவில் பரவலாகச் செய்கிறார்கள். இந்தியாவில் சில மையங்களில்தான் இருக்கிறது.

மூன்றாவது, நோயுற்ற தசையை மட்டும் வெட்டியெடுத்து மீதியைச் சேர்த்துத் தைப்பது. ஓரம் இல்லாத நோய் என்பதால் இது கைத்திறன் அதிகம் கேட்கும் அறுவை. ஜப்பானின் ஹிசாவோ ஒசாடா, மீதமுள்ள சுவரை மூன்று மடிப்புகளாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கும் முறையை 2011-ல் விவரித்தார். குழந்தைக்கு ஏங்கும் பெண்ணுக்கு இது ஒரு நம்பிக்கை. ஆனால், பின்னால் கர்ப்பம் தரித்தால் தையல் போட்ட இடம் விரிந்து கிழியும் அபாயம் உண்டு. அதனால் கர்ப்பகாலம் முழுக்கக் கவனமும், சிசேரியன் பிரசவமும் தேவைப்படும்.

உள்சவ்வை மட்டும் சுட்டு எடுக்கும் முறையும் இருக்கிறது. நோய் ஆழமாக இறங்கிவிட்டால் அது பயன் தராது; பிறகு வேறு அறுவை செய்ய நேரிடும்.

எடுப்பது எப்போது சரி?

கர்ப்பப்பையை எடுப்பது தவறான சிகிச்சை அல்ல. அடினோமயோசிஸை முழுமையாக ஒழிக்கும் ஒரே சிகிச்சை இன்றைக்கும் அதுதான். குழந்தைப்பேறு முடிந்து, மருந்தும் சாதனமும் முயன்று பார்த்து, வலியிலும் போக்கிலும் வாழ்க்கையைத் தொலைத்த பெண்ணுக்கு அது விடுதலை. தானே யோசித்து எடுத்த முடிவென்றால் குற்றவுணர்ச்சி தேவையில்லை. ‘பொம்பளைத்தன்மை போயிடும்’ என்பதும் ‘தாம்பத்தியம் முடிஞ்சுபோச்சு’ என்பதும் வெறும் பேச்சு. வலி நின்ற பிறகு தாம்பத்தியம் மேம்பட்டதாகச் சொல்பவர்களே அதிகம்.

சிக்கல், அது முதல் யோசனையாக வருவதில்தான். தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இது எட்டு முதல் ஒன்பது பேர். பெரும்பாலானவை தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019-ல் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000-க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்தபோது, 13,000-க்கும் அதிகமானோருக்குக் கர்ப்பப்பை இல்லை என்பது தெரியவந்தது. மாதவிலக்கு வந்தால் வேலையும் கூலியும் போகும் என்பதே பலர் அந்த முடிவுக்குத் தள்ளப்பட்ட காரணம்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றி நடந்த இத்தகைய அறுவைகளை எதிர்த்து டாக்டர் நரேந்திர குப்தா 2013-ல் பொதுநல வழக்கு தொடுத்தார். 2023 ஏப்ரல் 5-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மாவட்டம்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும், 40 வயதுக்கு உட்பட்டவர்களின் அறுவைகளைத் தனிக்கவனத்தோடு ஆராய வேண்டும் என்பவை அந்த நெறிமுறைகளில் முக்கியமானவை.

எடுப்பதென்று முடிவானாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறார்களா? ‘கூடவே எடுத்துடலாம்’ என்பது சாதாரண விஷயம் அல்ல. 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்தால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடும். எலும்புத் தேய்வும் இதயநோய் ஆபத்தும் கூடும். சினைப்பையில் நோய் இல்லாதவரை அதை விட்டுவைப்பதே நல்லது.

டாக்டரிடம் கேளுங்கள்

* எனக்கு இருப்பது அடினோமயோசிஸா, ஃபைப்ராய்டா, இரண்டுமா? ஸ்கேனில் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
* என் ஹீமோகுளோபின் எவ்வளவு? அதைச் சரிசெய்ய என்ன திட்டம்?
* மருந்து அல்லது ஹார்மோன் சாதனம் எனக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்?
* எத்தனை மாதம் காத்திருந்து பலனைப் பார்க்கலாம்?
* மாதவிடாய் நிற்க எனக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கலாம்? அதுவரை மருந்தில் சமாளிக்க முடியுமா?
* அறுவை என்றால் எந்த வழியில்? சினைப்பையை விட்டுவைப்பீர்களா?

அடினோமயோசிஸில் இன்றைக்கே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்ற அவசரம் மிக அரிது. ‘யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்’ என்று எழுந்து வரவும், இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்கவும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. மூன்று மாதம் மாதவிலக்குத் தேதியையும், எத்தனை நாப்கின் ஆனது என்பதையும், வலி எந்தெந்த நாளில் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: மனைவியோ மகளோ மாதத்தில் நான்கு நாள் படுத்த படுக்கையாகிறார் என்றால், அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், உள்ளே போய் பதில் சொல்லும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். கர்ப்பப்பையை வைத்துக்கொள்வதா, எடுப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர், எல்லா வழிகளையும் கேட்டறிந்த அந்தப் பெண்தான்.